கோச்சுக்குப் பெண் கொடுப்பதில்லை

என் பெரியப்பா ஒருவர் தியாகராய நகரில் இருக்கிறார். அவரைப் போன்றவர்கள் அங்கே தெருவுக்கு நாலு பேர் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்லிவிட்டால், இது தம்மைப் பற்றியது என்று அவர் என்னோடு சண்டைக்கு வர முடியாது பாருங்கள்! பாங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பனகல் பூங்காவில் நாலு சுற்று, பிறகு டிகிரி காப்பி, பிறகு உலக விவகாரம். பிள்ளை அமெரிக்காவில், பேரன் மிச்சிகன் சர்வகலாசாலையில். சென்ற வருஷம் ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டு, நீலத் துணியில் மஞ்சள் எழுத்துப் பொறித்த குல்லாய் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வெயிலில்லாத கூடத்தில்கூட அந்தக் குல்லாயைக் கழற்றவில்லை.

"ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கிற மைதானம்டா! நம்ம சேப்பாக்கத்தைப் போல கிட்டத்தட்ட மூணு பங்கு. அதுவும் என்ன? காலேஜ் பசங்க ஆடற ஆட்டம்! ஆட்டத்தை விடு, அந்தக் கோச்சைப் பார்க்கணும். சர்வகலாசாலைத் தலைவரைவிட அவருக்குச் சம்பளம் ஜாஸ்தியாம். அங்கே கோச்னா ராஜா!"

நான் அந்தக் குல்லாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில், இதே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இவர் சொன்ன வேறொரு வாக்கியம் என் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது என் ஒன்றுவிட்ட தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பையன் ஒரு கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சி கொடுப்பவன். தேகப்பயிற்சியில் மேல்பட்டம் வாங்கியவன். ஆறடி உயரம், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, பேச்சில் அடக்கம். ஜாதகம்கூடப் பொருந்திவிட்டது. ஜாதகம் பொருந்திய பிறகுதானே நம் வீடுகளில் விசாரணையே ஆரம்பம்!

"பையன் என்ன பண்றான்?" என்று கேட்டார் பெரியப்பா.

"ஒரு காலேஜிலே கோச்."

"கோச்சா? எஸ்-5ஆ, எஸ்-6ஆ?"

கூடம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தீர்ப்பும் வந்துவிட்டது. "விசில் ஊதற உத்தியோகத்துக்கெல்லாம் பெண் கொடுக்கறதில்லை. ஊதத்தான் வேணும்னா டிராபிக் போலீஸ்காரனாப் பாருங்கோ. அவனுக்காவது சர்க்கார் சம்பளம் உண்டு."

அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். தட்டில் சூடான பஜ்ஜி இருந்தது; வாயில் போட்டுக்கொண்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் கட்டுரையை எழுத எனக்கு இருக்கும் யோக்கியதை இவ்வளவுதான் என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

பெரியப்பாவின் ராஜா எங்கிருந்து முளைத்தார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அமெரிக்கக் கால்பந்து என்பது பெயரளவில்தான் கால்பந்து. பந்து முட்டை வடிவம். அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். மற்றவர்கள் அவன்மேல் விழுந்து அமுக்குகிறார்கள். மஞ்சுவிரட்டில் காளைக்குப் பதில் மனிதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1905ஆம் வருஷத்தில் மட்டும் இந்த ஆட்டத்தில் பதினெட்டுப் பேர் இறந்ததாகப் பத்திரிகைகள் கணக்குக் கொடுத்தன. தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். அதற்குப் பிறகுதான் விதிகளைத் திருத்தினார்கள்.

இந்த ஆட்டத்தின் பெரிய கோச்சுகளில் மூத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அமாஸ் அலான்ஸோ ஸ்டாக் என்பவர். 1862இல் பிறந்தவர். பாதிரியாராகப் போக வேண்டுமென்று யேல் சர்வகலாசாலையில் படித்தார். ஆனால் மேடையேறினால் பேச்சு வரவில்லை. பேச வராதவன் பிரசங்கியாவது எப்படி? பிள்ளைகளை நல்வழிப்படுத்த வேறு இடம் தேடினார். மைதானம் கிடைத்தது. மாஸாசூஸெட்ஸ் மாகாணத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. ஸ்தாபனத்தார் நடத்திய பயிற்சிப் பள்ளிக்கு 1890இல் வந்து, அங்கே ஓர் அணியைத் திரட்டினார். அந்த அணியில் ஆடியவர்களில் ஒருவர்தான் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில், பனிக்காலத்தில் வெளியே போக முடியாமல் தவித்த பையன்களுக்காக இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டிக் கூடைப்பந்து என்ற ஆட்டத்தையே உண்டாக்கியவர் அவர்.

1892இல் சிகாகோ சர்வகலாசாலை திறந்தபோது அதன் தலைவர் ஹார்ப்பர், ஸ்டாகை அழைத்துக்கொண்டார். என்னவாக அழைத்தார் என்பதுதான் முக்கியம். 2,500 டாலர் சம்பளத்தில் இணைப் பேராசிரியராக, நிரந்தர உத்தியோகத்தில்! கிரேக்கம் போதிப்பவர் உட்காரும் ஆசிரியர் சபையில் இவருக்கும் ஒரு நாற்காலி. 1932 வரையில் அங்கே 41 பருவங்கள் பயிற்சி கொடுத்தார். எழுபது வயதானதும் விதிப்படி ஓய்வு பெறச் சொன்னார்கள். மேஜை முன்னால் உட்காரும் வேலை வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கலிபோர்னியாவில் பசிபிக் கல்லூரி என்ற சின்ன இடத்துக்குப் போய் இன்னும் பதினாலு பருவம் பையன்களோடு ஓடினார். 1943இல், எண்பத்தோராவது வயதில், அந்த வருஷத்தின் சிறந்த கோச் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1965இல் காலமானபோது அவருக்கு வயது 102. விசில் ஊதுகிற உத்தியோகம் ஆயுளைக் குறைப்பதில்லை என்பதையாவது பெரியப்பா ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த வேறொருவரைப் பற்றித் தியாகராய நகர்வாசிகளுக்குச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அவர் நம் அண்டை வீட்டுக்காரர்.

வெங்கட்நாராயணா சாலையில் நேராக நடந்தால் அண்ணா சாலை வருகிறது. அதைக் கடந்து கொஞ்சம் தெற்கே போனால் நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரி. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களை வைத்துக்கொண்டு சென்னையில் ஆரம்பித்த பள்ளிக்கூடம், பின்னால் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவிலேயே தேகப்பயிற்சிக்கு என்று ஏற்பட்ட முதல் கல்லூரி அதுதான். அது பிறந்த அதே 1920களில்தான் மாம்பலம் ஏரியைத் தூர்த்து, மனை போட்டு, தியாகராய நகர் என்று நமக்கு ஓர் ஊரை உண்டாக்கினார்கள். அதாவது நம்முடைய ஊரும் பக்கின் பள்ளிக்கூடமும் ஒரே வயசுக் குழந்தைகள். ஒரு குழந்தை நகைக்கடையும் புடவைக்கடையுமாகக் கொழுத்து வளர்ந்தது. இன்னொன்றை நாம் எட்டிப் பார்த்ததே இல்லை.

பக் என்ன செய்தார்? 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆட்டங்களின் விதிகளைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டார். எத்தனையோ வருஷம் நம் நாட்டு மைதானங்களில் அதுதான் வேதம். தண்டால், பஸ்கி, சடுகுடு எல்லாம் பட்டிக்காட்டு விவகாரம் என்று ஒதுக்காமல் பாடத்தில் சேர்த்துக்கொண்டார். இவற்றைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. விளையாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவனும் வாத்தியார்தான், அவனும் படித்துத் தேறித்தான் அந்த வேலைக்கு வர வேண்டும் என்று ஒரு நாட்டுக்கே அவர் சொன்னார். வெற்றி தோல்விப் பட்டியல் எழுதி அவர் பேரில் யாரும் வைக்கவில்லை. 1943இல் அவர் இறந்தபோது, அவரிடம் கற்றுத் தேறியவர்கள் நாட்டின் பல மூலைகளிலும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாரிஸ் கோஷ்டியில் சென்னையிலிருந்து தடைதாண்டி ஓடப்போன லட்சுமணன் என்பவர் பிற்பாடு ராணுவத்தில் பெரிய டாக்டராக விளங்கினார். 'விளையாடினால் படிப்புக் கெடும்' என்று காலை மாலை ஜபிக்கிறவர்களுக்காக இதை இடையில் செருகி வைக்கிறேன்.

பக்கின் வாரிசுகளை நாம் என்ன செய்தோம்? 'டிரில் மாஸ்டர்' என்று பெயர் வைத்தோம். ஆசிரியர் அறையில் கடைசி நாற்காலி கொடுத்தோம். பல இடங்களில் அதுவும் இல்லை, பந்தும் வலையும் போட்டு வைக்கிற இருட்டறைதான் அவர் அறை. காலையில் தாமதமாக வந்த பையனைப் பிடிக்க அவர் வேண்டும். சுதந்திர தினத்துக்குக் கம்பம் நட அவர் வேண்டும். மந்திரி வந்தால் கும்பலை ஒதுக்க அவர் வேண்டும். விளையாட்டுச் சொல்லிக் கொடுக்க மட்டும் அவர் வேண்டாம், ஏனென்றால் அந்த நேரத்தைத்தான் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டுவிட்டாரே!

வாங்கிக்கொண்டார் என்று கணக்கு வாத்தியார்மேல் பழியைப் போடுவது அயோக்கியத்தனம். நாம்தான் கொடுத்தோம். என் பெண் பத்தாம் வகுப்புப் படித்தபோது பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. விளையாட்டு நேரத்தை விசேஷ வகுப்பாக மாற்ற வேண்டும் என்று ஒரு மனு கொடுப்பதாக ஏற்பாடு. நாவலாசிரியர் ஒருவர் கூட்டத்தில் இருக்கும்போது மனு எழுத வேறு ஆள் எதற்கு? நான்தான் எழுதினேன். என்ன நடை, என்ன உருக்கம்! 'குழந்தைகளின் எதிர்காலம்' என்ற சொற்றொடர் அதில் மூன்று இடத்தில் வந்தது. அறையின் கோடியில் அந்தப் பள்ளியின் தேகப்பயிற்சி ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் உட்கார நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டவர் அவர். அவருடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. மனு உடனே அங்கீகாரமாயிற்று. நான் எழுதியவற்றில் இத்தனை சீக்கிரம் பலன் தந்தது வேறொன்றும் கிடையாது.

சம்பளக் கதையையும் பார்க்கலாம். 2012இல் தமிழக அரசு, பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல் முதலியவற்றுக்காகப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,500 பேருக்கு மேல் நியமித்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். பிறகு அவர்கள் போராடிப் போராடி அது ஏறிற்று. 2021இல்தான் 10,000 ஆயிற்று. மறுபக்கம், அலபாமா சர்வகலாசாலையின் நிக் சேபன் 2023இல், தம்முடைய கடைசிப் பருவத்தில், ஒரு கோடியே பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார். நம் பணத்தில் தொண்ணூறு கோடி ரூபாய். அவருடைய ஒரு நாள் வருமானத்தைச் சம்பாதிக்க, 2012இல் சேர்ந்த நம் பகுதிநேர ஆசிரியர் அந்த 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் நாற்பது வருஷம் உழைக்க வேண்டும். இரண்டு தேசத்துப் பணத்தை இப்படி நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமான கணக்கல்ல என்று பெரியப்பா சொல்வார். பாங்கிக்காரர், சொல்லத்தான் செய்வார். சரி, அந்தக் கணக்கைத் தள்ளிவிடுங்கள். நம்முடைய ஊருக்குள்ளேயே, அந்த 2012ஆம் வருஷத்தில் 5,000 ரூபாய்க்கு எந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கலாம் என்று தியாகராய நகர்த் தரகர் யாரையாவது கேட்டால் போதும்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நாமும் அமெரிக்காக்காரனைப் போலக் கொட்டிக் கொடுத்துவிட்டால் சரியாய்ப் போய்விடும்" என்று ஒரு கட்சி கிளம்பும். அந்தக் கட்சியோடும் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டாகுக்குக் கொடுத்த நாற்காலி இன்று அந்த நாட்டில் நாற்காலியாக இல்லை, சிம்மாசனமாகிவிட்டது. அங்கே பெரும்பாலான மாகாணங்களில் பொதுப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்களுக்குள் முதலிடம் கவர்னருக்கில்லை. கால்பந்துக் கோச்சுக்கோ கூடைப்பந்துக் கோச்சுக்கோதான். டெக்ஸாஸில் ஜிம்போ ஃபிஷர் என்பவர் 2023 நவம்பரில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஒப்பந்தத்தை முறித்த பாவத்துக்காகச் சர்வகலாசாலை அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல்! வேலையை விட்டுப் போவதற்கு! ஆனால் மேலே விழுந்து கழுத்தையும் முழங்காலையும் பணயம் வைக்கிற பையன்கள், தங்கள் சொந்தப் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துக் காலணா சம்பாதிக்கக் கூடாது என்ற விதி 2021 வரையில் அமலில் இருந்தது. ராஜா இருக்கும் இடத்தில் பிரஜைகள் எப்படி இருப்பார்களோ அப்படி.

சிகாகோ சர்வகலாசாலை இதை முன்னாலேயே பார்த்து மிரண்டது. ஸ்டாகை அனுப்பிவிட்ட ஏழு வருஷத்துக்குள், 1939இல், அந்த ஆட்டமே வேண்டாம் என்று கைகழுவிற்று. காலியாய்ப் போன ஸ்டாக் மைதானத்துப் பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2ஆம் தேதி அணுவை முதன்முதலாகத் தொடர்ந்து பிளந்து காட்டினார்கள். ஒரு கோச்சைத் துரத்திய இடத்தில் என்ன முளைக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

எனக்கு வேண்டியது சிம்மாசனம் அல்ல. ஹார்ப்பர் கொடுத்தாரே, அந்த நாற்காலி. தமிழ் வாத்தியாருக்கும் பௌதிக வாத்தியாருக்கும் பக்கத்தில், அதே உயரத்தில், அதே சம்பளத்தில் ஒரு நாற்காலி. ஒரு பையனைப் பத்து வருஷம் பார்த்து, அவன் எதற்குப் பயப்படுவான், தோற்றால் எப்படி நிற்பான், ஜெயித்தால் தலை எவ்வளவு கனக்கும் என்று தெரிந்து வைத்திருப்பவன் பள்ளிக்கூடத்தில் வேறு யார்? ஹைதராபாத்தில் ரஹீம் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நம் கால்பந்து அணியை நாலாவது இடத்துக்கும், 1962இல் ஜகார்த்தாவில் தங்கப் பதக்கத்துக்கும் கொண்டுபோனவர். மறுவருஷமே புற்றுநோயில் போய்விட்டார். அவர் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட, 2024இல் ஒரு சினிமா வர வேண்டியிருந்தது! வாத்தியாராயிருந்ததால்தான் அவர் அந்தக் கோச். இந்தச் சின்ன விஷயம் ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானத்துக்கும் புரியவில்லை, நம் கூடத்துச் சாய்வு நாற்காலிக்கும் புரியவில்லை.

'கட்டுரை எழுதுகிறாயே, உன் கை சுத்தமா?' என்று கேட்பீர்கள். இல்லை. பக்கின் மைதானத்தில் புத்தகக் கண்காட்சி நடந்த வருஷங்களில் நானும் கையெழுத்துப் போட அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். பந்தலுக்கு அடியில் இருப்பது ஓட்டப் பந்தயப் புல் என்பது எனக்கு ஒரு தரமும் தோன்றியதில்லை. புஸ்தகம் எத்தனை போயிற்று என்பதுதான் கவலை.

சென்ற மாதம் வேறு ஒரு மைதானத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், நகரத்தில் கல்யாணத்துக்கும் கண்காட்சிக்கும் வாடகைக்கு விடுகிற மைதானங்களுக்குக் குறைவில்லை. பஜ்ஜி தின்ற அன்று நாங்கள் வேண்டாமென்ற அதே பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டேன். விடிகிற நேரம். அவன் பந்தை எடுக்கவில்லை. காந்தக் கட்டி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனான். முந்தின நாள் பந்தல் பிரித்தவர்கள் விட்டுப்போன ஆணிகள் அதில் ஒட்டிக்கொண்டு வந்தன. பிள்ளைகளில் பாதிப் பேர் வெறுங்காலோடு நின்றார்கள்.

என்னை அடையாளம் கண்டு, "வாங்க சார்" என்றான். கோபம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று மிச்சிகன் மைதானத்தையும் ஒரு லட்சம் ஜனத்தையும் கோச்சின் சம்பளத்தையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். காந்தத்திலிருந்து ஆணிகளை உதறி ஒரு டப்பாவில் போட்டான்.

"ஒரு டீமிலே எத்தனை பசங்க சார்?"

"நூறு பேருக்கு மேலே இருப்பார்களாம்."

"அத்தனை பேர் பேரும் அவருக்கு ஞாபகம் இருக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், மைதானத்தின் அந்தக் கோடியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்து, "டேய் முருகேசா, அந்தப் பக்கம் இன்னும் பொறுக்கலை, செருப்பைப் போடு!" என்று சத்தம் போட்டான்.